வில்ஃபுக்கென்று ஊறவைத்த குப்பி

ஸ்லோ பழ ஜின்னுக்கு அவசரம் ஆகாது, ஐயா. எங்கள் ஷ்ராப்ஷயர் பக்கம் முதல் உறைபனி விழுந்தபிறகுதான் வேலி முட்செடியில் அந்தச் சின்னக் கருப்புப் பழத்தைப் பறிப்போம். ஒவ்வொன்றையும் அந்தச் செடியின் முள்ளாலேயே குத்தி, சர்க்கரையோடு ஜின் சாராயத்தில் போட்டு, தினமும் ஒரு தடவை கவிழ்த்து வைக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குத்தான் திறப்போம்.

என் கணவர் வில்ஃப் படுக்கையில் விழுந்து ஒன்பது வருடம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நல்ல மனிதர். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. திட்டியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். களைத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமைகளில் பக்கத்து வீட்டு டார்கஸ் வந்து அவரோடு உட்காருவாள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பழம் பறிக்கப் போனேன். ஸ்லோவுக்குப் பக்கத்திலேயே, அதே கருப்பில், இன்னொரு பழமும் இருந்தது. பிள்ளைகள் தொட்டாலே கையில் ஒன்று போடுவோமே, அந்தப் பழம். அதைத் தனியாக ஒரு சின்னக் குப்பியில் போட்டேன். ஒரு கோப்பைக்குத்தான் வரும். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எழுபது நாள், அவரைப் புரட்டிவிட்டு வந்து அதையும் கவிழ்த்து வைத்தேன்.

கிறிஸ்துமஸ் மதியம் கோப்பையை அவர் கையில் கொடுத்த நேரம் பார்த்து டார்கஸ் கேக்கோடு வந்து நின்றாள்.

"வாசனை வாசல் வரைக்கும் வருதே ஹெஸ்டர், எனக்கு இல்லையா?"

"இந்தா, நீ குடி," என்று வில்ஃப் தன் கோப்பையை நீட்டினார். "வந்தவங்களுக்குத்தானே மொதல் கிளாஸ். ஒன்பது வருஷமா எனக்காக வர்றே, வேற என்னத்தக் குடுத்தேன்."

"படுத்த படுக்கையிலயும் உபசாரத்துக்குக் கொறச்சலில்ல," என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், காரணம் சொல்ல வேண்டும். அன்று எனக்குப் பேசத் தெம்பில்லை. டார்கஸ் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றாள். நான் அடுப்பில் வாத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் போய்ச் சேர்ந்தாள். நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். வில்ஃபிடம் மட்டும் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துபோவார். இனி அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் என் கவலை. டார்கஸ் இருந்திருந்தால் அவள் பொறுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாக உங்களோடு ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்.