போரிகாவின் மரக்கிடங்கு

மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஐயா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை வைத்து ஊர்க்காரர்கள் திட்டத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. ரோடோப்பி மலைக் குளிருக்கு அது நல்ல திட்டம்.

அதை ஊராருக்கு விளக்கிச் சம்மதம் வாங்குவதுதான் நிறுவனத்தில் என் வேலை. போரிகாவை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்பது வயதுவரை நான் வளர்ந்த ஊர். கணவர் வீட்டுப் பெயரோடு போனதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

என் அப்பா ஸ்டாமென் அங்கே மரமில்லில் வேலை செய்தார். தேய்ந்த சங்கிலி அறுந்து, அடிமரம் உருண்டு அவர்மேல் விழுந்து, அங்கேயே இறந்துபோனார். மில் முதலாளி வெலிச்கோ, அப்பா குடித்திருந்ததாக எழுதிக் கொடுத்தார். மில்லில் எழுத்தராக இருந்த ஸ்லாட்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அப்பா ராக்கியாச் சாராயத்தை மோந்தாலே தும்முவார். பள்ளியில் என்னைக் குடிகாரன் மகள் என்றார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ப்ளோவ்திவ் நகரத்துக்குப் போனாள். சாகும்வரை அவள் யாரிடமும் அப்பா பெயரைச் சொல்லவில்லை.

கூட்டம் படிப்பகத்தில் நடந்தது. வெலிச்கோ இப்போது ஊர்த்தலைவர். ஸ்லாட்கா முன்வரிசையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டாள்.

"ஏம்மா, இந்தப் புகையெல்லாம் எங்க போகும்? நாங்க காயப்போடுற துணி மேலயா?"

"உன் அடுப்புப் புகையவே முப்பது வருஷமா முழுங்கிட்டு இருக்கோம், ஸ்லாட்கா. இது என்ன பெரிசு?" என்றார் வெலிச்கோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புகை, சாம்பல், லாரி, இரைச்சல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. எரிப்பதற்காக மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை மூடிய கிடங்கில் குவித்தால், அவை மெல்ல மெல்ல ஒரு வாயுவை விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். அதைப்பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லாம் கட்டி முடிந்து, திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்லாட்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ரொட்டியைச் சுடச்சுடக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"சாப்பிடு கிரெமெனா. உங்க அப்பாவுக்கு இதோட மொறுமொறு ஓரந்தான் பிடிக்கும்."

நான் ஓரத்தைப் பிய்த்தேன்.

"நீ வந்து இறங்குன அன்னைக்கே ஊருக்குத் தெரியும்டி. அதே நெத்தி. ஸ்டாமென் பொண்ணு கேக்குறா, இந்தத் தடவையாவது அந்தக் குடும்பத்துக்காகக் கை தூக்குவோம்னு வெலிச்கோதான் வீடு வீடாப் போய்ச் சொன்னான். விழாவுல எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லப்போறான். நானும் சொல்லப்போறேன். முப்பத்திரண்டு வருஷமா நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்கு."

பனிட்சாவை முழுவதும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

நீங்கள் கேட்கலாம், அதன் பிறகுமா என்று. அதனால்தான், ஐயா. அவர்கள் சொல்லிவிட்டால் ஊர் கைதட்டும். இரண்டு பேரும் அழுவார்கள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார்கள். என் அம்மா அப்படி ஒரு நாளும் தூங்கியதில்லை.

குச்சிகள் நிரப்பியிருந்த கிடங்கின் காற்றோட்ட விசிறியை அன்றே நிறுத்தினேன். வாயு மானியின் கம்பியைக் கழற்றினேன். எச்சரிக்கைப் பலகையை, வண்ணம் பூச வேண்டும் என்று சொல்லி என் காரில் போட்டுக்கொண்டேன். விழாவுக்கு முந்தைய நாள் மதியம், வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தபோது வெலிச்கோவை அழைத்தேன்.

"அடியில ஏதோ அடைச்சிருக்கு, தலைவரே. மரத்தப்பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

"இதுக்கெல்லாம் கிழவன்தான் வேணும், பாத்தியா," என்று கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கிடங்குக்குள் ஏணியில் இறங்கினார். பாதியிலேயே விழுந்தார்.

பிறகு ஸ்லாட்காவின் வீட்டுக்கு நடந்தேன். ஓடவில்லை. வெலிச்கோ உள்ளே மயங்கிக் கிடக்கிறார் என்றேன். அவள் என்னை முந்திக்கொண்டு ஓடினாள். கிடங்கின் வாயில் நின்று எட்டிப் பார்த்தவள் திரும்பி என்னைக் கேட்டாள்.

"உள்ள எறங்கலாமா, கண்ணு? ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது, அத்தை. எறங்குங்க," என்றேன்.

அவளை நான் தள்ளவில்லை. அவர் மேலும் கை வைக்கவில்லை. இரண்டு பேரும் தாமாகத்தான் இறங்கினார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவை நான் மூடித் தாழ்ப்பாள் போட்டது மரத்தூள் வெளியே பறக்காமல் இருக்கத்தான்.