கடல் பார்த்த ரூம்

கிஷோர்: ...நீ சொன்னேன்னு பூசணிக்காய உடைச்சேன் பாரு நைனா, என்னைச் சொல்லணும்.

நான்: உடைச்சிட்டியா? சபாஷ்! இரு, போன ஸ்பீக்கர்ல போடறேன், உங்கம்மாவும் கேக்கட்டும். திஷ்டி போச்சு.

கிஷோர்: திஷ்டி போச்சு. போலீஸ் வந்துச்சு.

நான்: போலீஸா? அந்த பெர்த் ஊர்ல பூசணிக்காய்க்கெல்லாம் போலீஸ் வருதா?

கிஷோர்: உள்ள குங்குமத்தக் கரைச்சு ஊத்தி, வாசல்ல ஓங்கிப் போடுன்னியே... எதிர் ஊட்டுக் கெழவி சன்னல் வழியா பாத்துட்டா. வாசல் பூரா ஒரே ரத்தம், எவனையோ வெட்டிட்டான்னு போன் போட்டுட்டா.

சுலோசனா: ஐயோ! புள்ளய இட்டுகினு போயிட்டாங்களா?

கிஷோர்: இல்லம்மா. ஒரு போலீஸ்காரம்மா குனிஞ்சு, தொட்டுப் பாத்து, மோந்து பாத்துட்டு... "இது காய்தான்"னுச்சு.

நான்: பாத்தியா, நல்லா விசாரிக்குறாங்க. நம்மூர்ல பூசணிக்காயயே உள்ள வெச்சிருப்பான்.

கிஷோர்: சிரிக்காத நைனா. அது இன்னும் நம்ம ஊடே இல்ல! நாளைக்குத்தான் கையெழுத்து. விக்கிறவன் புரோக்கரக் கூப்ட்டு, "இவங்களுக்குத்தான் குடுக்கணுமா"ன்னு கேக்கறானாம்.

சுலோசனா: அடப்பாவி மனுசா! வாங்காத ஊட்டுக்கு எவனாவது திஷ்டி கழிப்பானா?

நான்: வாங்கறதுக்கு முன்னாடியே கழிச்சிட்டா, வேற எவனும் கண்ணு வெக்க மாட்டான்.

சுலோசனா: எந்த ஐயரு சொன்னாரு?

நான்: நாந்தான். சொந்த யோசன.

சுலோசனா: உன் யோசனயில இடி விழ. அந்த ஊடு மட்டும் கைய வுட்டுப் போச்சு... சோறு கெடையாது உனக்கு.

நான்: உனக்கு இன்னாத்துக்கு இம்மாங் கோவம்? ஊடு உன் பேர்லயா வாங்கறான்?

சுலோசனா: ...புள்ள ஆசப்பட்டு பாத்த ஊடாச்சேன்னு சொன்னேன்.

கிஷோர்: புரோக்கர் பேசிகினு கீறான்மா. சரியாயிடும்.

சுலோசனா: சரியாகணும்ப்பா. ஏன்டா, அந்த ரூமுக்குப் படி ஏறணுமா?

கிஷோர்: இல்லம்மா, கீழதான். நீ சொன்ன மாதிரியே...

சுலோசனா: சரி சரி, சாப்ட்டியா?

நான்: எந்த ரூமு?

சுலோசனா: எதோ ஒரு ரூமு. சாப்ட்டியாடா?

நான்: டேய் கிஷோரு, ஒண்ணு கேக்கறேன். போயும் போயும் கடல் பக்கத்துலயா ஊடு வாங்குவாங்க? உப்புக் காத்து. கேட்டு துருப்புடிக்கும், ஃபேனு துருப்புடிக்கும், கட்டுன பொண்டாட்டியே துருப்புடிப்பா. சுனாமி வேற.

கிஷோர்: நம்ம கொரட்டூர் ஊட்டுக்குள்ள வருசா வருசம் ஏரி வருதே, அது?

நான்: அது நம்ம ஏரிடா. பழகின தண்ணி. முட்டி வரைக்கும் வந்துட்டு, கட்டிலத் தொடாம திரும்பிப் போயிடும். மருவாதி தெரிஞ்ச தண்ணி.

சுலோசனா: போன மழையில ஃபிரிட்ஜ இட்டுகினு போச்சே, அந்த மருவாதியா?

நான்: அது பழைய ஃபிரிட்ஜு. சரி, அத வுடு. மொத்தம் எத்தினி ரூம்டா?

கிஷோர்: நாலு.

நான்: நாலு! உனக்கும் நிஷாவுக்கும் ஒண்ணு. பாப்பாவுக்கு ஒண்ணு. நீ கம்ப்யூட்டர் தட்டறதுக்கு ஒண்ணு...

கிஷோர்: ம்.

நான்: அப்புறம்?

கிஷோர்: அப்புறம்... அது கடல் பாத்த ரூம் நைனா. தெறந்தா அலை தெரியும்.

நான்: அலை தெரியும், சரி. பாத்துகினு யாரு இருப்பாங்க?

கிஷோர்: அது... நைனா, இரு, புரோக்கர் கூப்புடறான். திரும்பப் பண்றேன்.

நான்: டேய்... டேய்! வெச்சிட்டான். பாத்தியா சுலோ? நாலாவது ரூம் பேச்செடுத்தாலே புரோக்கர் வந்துடறான்.

சுலோசனா: நெசமா வந்திருப்பான்யா.

நான்: நிஷா வேப்பம்பட்டுல அவங்கம்மா ஊட்ல பெட்டி கட்டிகினு கீது. அடுத்த மாசம் பாப்பாவ இட்டுகினு பறந்துடும். அப்புறம் இங்க நீயும் நானுந்தான். "நீயும் அம்மாவும் வாங்க நைனா"ன்னு ஒரு வார்த்த... வாய்ல வருதா அவனுக்கு?

சுலோசனா: கூப்ட்டா போயிடுவியா?

நான்: ச்சீச்சீ. போவ மாட்டேன்.

சுலோசனா: அப்புறம் எதுக்குக் கூப்புடணும்?

நான்: கூப்ட்டாத்தானே மாட்டேன்னு சொல்ல முடியும்? கூப்புடாதவன்கிட்ட போய் "நான் வரமாட்டேன்"னு எப்பிடிச் சொல்றது? அசிங்கமா இருக்காது?

சுலோசனா: மாட்டேன்னு சொல்லிட்டு?

நான்: அவன் திரும்பக் கூப்புடுவான். நான் திரும்ப மாட்டேன்னுவேன். மூணாவது தபா போனாப் போவுதுன்னு ஏறிக்குவேன். ஒரு மொற இல்ல? மாமியார் ஊட்ல பலகாரம் வெச்சா, சட்டுனு எடுப்பமா?

சுலோசனா: நீ எடுத்தியே. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே.

நான்: அது பசி.

சுலோசனா: தட்டோட எடுத்த.

நான்: பேச்ச மாத்தாத. கடலாம், பெரிய கடல். நம்மூர்ல இல்லாத கடலா? மெரினா எம்மாம் பெருசு!

சுலோசனா: என்ன எப்ப கூட்டிகினு போன?

நான்: கெளம்பினோமே, பாதி வழி வரைக்கும்... கிஷோருக்கு மொட்டை அடிச்ச வருசம்.

சுலோசனா: அவனுக்கு இப்ப தானாவே மொட்டை வுழுந்துடுச்சு.

நான்: அதுக்கு நான் இன்னா பண்ண?

சுலோசனா: கம்பெனிக்குப் போறப்ப ஓவர்டைமுன்ன. ஞாயித்துக்கெழம கூட்டம்ன. ரிட்டயர் ஆனப்புறம் வெயிலுன்ன. சாயங்காலமாப் போலாம்யான்னா, திரும்பி வர்றப்ப ரயில்ல உக்கார எடம் கெடைக்காதுன்ன. மெட்ராசுல பொறந்தேன், மெட்ராசுல வாக்கப்பட்டேன். யாராச்சும் கடல் எப்பிடிம்மா இருக்கும்னு கேட்டா, டிவில பாத்ததத்தான் சொல்லணும்.

நான்: ஏரிக்கரைக்குக் கூட்டிகினு போனேன்ல?

சுலோசனா: ஏரில அலை வருமா?

நான்: காத்தடிச்சா... லேசா வரும்.

சுலோசனா: லேசா!

நான்: சுண்டல் கூட வாங்கிக் குடுத்தேன் சுலோ.

சுலோசனா: போனு அடிக்குது பாரு. எடு.

கிஷோர்: அம்மா! ஒத்துகினான்மா! புரோக்கர் அவன்கிட்ட, இது அவங்க நாட்டு வழக்கம், கெட்டது அண்டாதாம்னு சொல்லிக்கீறான். "அப்பிடின்னா நான் குடிபோற புது ஊட்டுக்கும் ஒண்ணு உடைச்சுக் குடுப்பீங்களா"ன்னு கேக்கறானாம்.

சுலோசனா: அப்பாடா! இப்பத்தான்டா எனக்கு உசுரு வந்துச்சு.

நான்: பாத்தியா! யார் யோசன? சொல்லு, யார் யோசன?

கிஷோர்: உன்னுதுதான் நைனா. நாளைக்குக் கையெழுத்து. வெச்சிடட்டா?

நான்: இருடா. வெக்காத.

கிஷோர்: இன்னா நைனா?

நான்: பூசணிக்காய், சுனாமி, துரு... எல்லாம் சும்மா பேசினேன். இப்ப சும்மா இல்ல. அந்த நாலாவது ரூமு யாருக்குடா? எனக்கும் உங்கம்மாவுக்கும் அந்த ஊட்ல எடம் கீதா, இல்லியா? இல்லன்னா இல்லன்னு சொல்லு. ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருப்பேன், அப்புறம் சரியாயிடுவேன். புரோக்கர் மேல மட்டும் பழியப் போடாத.

கிஷோர்: நைனா... அது வந்து...

நான்: வந்து?

கிஷோர்: அம்மா, என்னால முடிலம்மா. நீயே சொல்லிடு.

நான்: அவ இன்னாடா சொல்றது? நான் உன்னத்தானே கேக்கறேன்.

கிஷோர்: அம்மா!

நான்: இன்னாங்கடா ரெண்டு பேரும்... சுலோ, எனக்குத் தெரியாம இன்னா நடக்குது? இந்தா, மூஞ்சப் பாத்துச் சொல்லு.

சுலோசனா: கடல் பக்கமாப் பாருடான்னு அவன்கிட்ட சொன்னதே நாந்தான்யா. அந்த ரூமு எனக்கு. நிஷாவும் நானுமாப் போய் பாஸ்போர்ட்டு எடுத்தோம், விசாவும் வந்துடுச்சு, அடுத்த மாசம் அவகூட நானும் கெளம்பறேன். அவன் உன்னயுந்தான் கூப்புடறேன்னான், நாந்தான் வாயத் தொறக்காதன்னேன். நீ மாட்டேன்னுவ... உனக்கு சோறாக்கிப் போடணுமேன்னு நானும் நின்னுடுவேன், எப்பவும் போல. இந்த தபா நான் நிக்கல. கட்டில மட்டும் பெருசாப் போடச் சொல்லிக்கீறேன், பாதி காலியா கெடக்கும். வர்றதும் வராததும் உன் இஷ்டம்.