பின்சீட்டில் நான்கு மாதம்

எனக்குப் பேருந்தில் நின்றுகொண்டு போனால் தலை சுற்றும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் நியாயமாகப் படும்.

வண்டி என் தம்பியுடையது. ஒருநாள் சறுக்கி விழுந்ததில் வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. அவனுக்கு முன்பற்கள் நான்கும் போயின. அவன் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளன். பல் இல்லாமல் மைக்கில் பேசினால், தான் எந்த நடைமேடைக்குப் போக வேண்டும் என்று ரயில் ஓட்டுநருக்கே சந்தேகம் வந்துவிடும். "மூணு மாசம் பொறுத்துக்கிறேன், பல்லைக் கட்டிட்டு வா" என்றார் மேலாளர். வண்டியை விற்றால்தான் பல். "நீயே பார்த்து வித்துக் குடு அண்ணா. நாலு பேர்கிட்ட வாயத் தெறக்கவே வெக்கமா இருக்கு" என்று சாவியை என்னிடம் கொடுத்தான். பாவமாகத்தான் இருந்தது. அன்றே விளம்பரம் கொடுத்தேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முதலில் வந்தவர் ஒரு தச்சர். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். முன்பின் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வாசலில் கைகட்டி நிற்க முடியுமா? பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். காலை நேரம், கையில் சாப்பாட்டுப் பை. "இந்தப் பக்கமே போங்க, ரோடு நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனதில், இருபது நிமிடத்தில் என் அலுவலக வாசல் வந்துவிட்டது. இரண்டு பேருந்து மாறி ஒன்றே கால் மணி நேரம் போகிற தூரம் அது. இறங்கி, "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றேங்க" என்றேன். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். இந்த மாதிரி வாக்கியங்கள் வாயில் தானாக வரும்.

வண்டி சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர வேண்டுமே. ஐந்தரைக்கு அலுவலக வாசலுக்கு இன்னொருவரை வரச் சொன்னேன்.

பிறகு அது பாட்டுக்கு நடந்தது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். ஆள் குறைந்தபோது விளம்பரத்தில் விலையைக் குறைத்தேன். ஃபோனிலேயே உடம்பு ஒல்லியா என்று பக்குவமாக விசாரித்துக்கொள்வேன். குண்டான ஆள் என்றால் பின்னால் எனக்கு இடம் போதாது. சனிக்கிழமை வந்தவர்களைச் சந்தை வழியாகப் போகச் சொல்லி இரண்டு பை காய்கறியையும் ஏற்றிக்கொண்டேன். பாரம் வைத்தால் வண்டி எப்படி இழுக்கிறது என்று அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டாமா? யாரையும் நான் நட்டாற்றில் விடவில்லை. திரும்பிப் போக எந்தப் பேருந்து, எங்கே நிற்கும் என்று கைகாட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

தம்பி தினமும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு கேட்பான். "இன்னிக்கு வந்தவங்களுக்காவது வண்டி புடிச்சுதா?"

"வராங்கடா. ஒருத்தருக்கும் மனசு ஒப்ப மாட்டேங்குது."

வண்டி அழுக்காக இருப்பதால்தானோ என்று அவன் விடியற்காலையில் எழுந்து துடைத்து வைக்க ஆரம்பித்தான். சுத்தமான சீட்டில் உட்கார்ந்து போவது எனக்கும் சௌகரியமாகவே இருந்தது.

மூன்று மாதம் முடிந்தது. அவன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அன்று அவன் சாப்பிடவில்லை. எனக்கும் இரண்டு தட்டுக்கு மேல் இறங்கவில்லை. ஆனால் வேலையே போன பிறகு பல்லுக்கு என்ன அவசரம் என்றும் தோன்றியது. மறுநாள் காலைக்கு ஒரு தபால்காரரை வரச் சொல்லியிருந்தேன். சொன்ன வார்த்தையை மாற்றுவது முறையல்ல.

கெடுத்தது ஒரு தையல்காரர். மூன்று முறை வந்தவர், மூன்று முறையும் கேட்ட விலைக்கே சம்மதித்தவர். பொறுமை இழந்து ஒரு மத்தியானம் நேரே வீட்டுக்கே போய்விட்டார். கதவைத் திறந்த தம்பியிடம், "முடிவா சொல்லுங்க. இன்னும் எத்தனை தடவைதான் உங்க அண்ணனை ஆபீஸ்ல கொண்டு போய் விடறது?" என்று கேட்டிருக்கிறார்.

அரை மணியில் இருவரும் ஆட்டோ பிடித்து வந்து என் மேசை முன்னால் நின்றார்கள். தம்பி முகத்தில் துண்டு இல்லை. கையை நீட்டினான், சாவியைக் கொடுத்தேன். வண்டி அங்கேயே விலை போனது.

ஆமாம், வேண்டுமென்றேதான் விற்காமல் வைத்திருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

இப்போது அவனுக்குப் பல் கட்டியாகிவிட்டது. மிக அழகாக இருக்கிறதாம். அம்மாவிடம் சிரிக்கிறான், என் மனைவியிடம் சிரிக்கிறான், பால்காரரிடம்கூடச் சிரிக்கிறான். நான் அறைக்குள் நுழைந்தால் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். மனசு கஷ்டமாக இருக்கிறது. நான்கு மாதம் அவன் வண்டியை ஒருநாள்கூடச் சும்மா நிற்க விடாமல் பார்த்துக்கொண்டேனே, அந்த நன்றிக்காவது ஒருமுறை பல்லைக் காட்டியிருக்கலாம்.