எடை குறைத்த வண்டி

தரையைத் தொடாமல் ஓடும் வண்டிக்கு பிரேக் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இது தெரியாமல்தான் சுவரில் மோதுகிறார்கள்.

கம்ப்யூட்டர் விளையாட்டைத்தான் சொல்கிறேன், மேடம். பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வண்டியை நாமே கட்ட வேண்டும். பிறகு அதைப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும். என் வண்டி ஒரு முழ உயரத்தில் மிதந்து போகும். நாலு மூலையிலும் ஹோவர் என்ற மிதக்கவைக்கும் கருவி, பின்னாலிருந்து தள்ள ஒரு இன்ஜின்.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கோபாலை அனுப்பிவிடுங்கள். அண்ணனுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குக் கொடுத்ததைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. மெஷின் தானாக நின்று அண்ணன் இறந்துவிட்டார் என்று உங்களிடம் சொன்னது நான்தான். அது பொய். மெஷினில் ஒரு குறையும் இல்லை. நல்ல மெஷின் மேல் பழி விழுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் ரகுபதிக்கு தூசி பறக்கும் கிரைண்டிங் வேலையில் நுரையீரல் போயிற்று. மண்ணூரில் எங்கள் வீட்டில் கட்டிலோடு இருந்தார். மூக்கில் குழாய், விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப். அண்ணி அமலாவுக்கு செல்போன் கம்பெனியில் பகல் ஷிஃப்ட். எனக்கு ஒரகடம் கார் கம்பெனியில் ஒப்பந்த வேலை முடிந்தது. அங்கே கார் கதவுக்கு ரப்பர் பொருத்தினேன். கதவு மட்டும்தான் என்னிடம் வரும். மறுபடி கூப்பிடவில்லை. வேறு எங்கேயும் கூப்பிடப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, அண்ணனைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று.

கட்டிலிலிருந்து கம்ப்யூட்டர் தெரியும். அண்ணன் சும்மா இருக்கமாட்டார்.

“இன்னாடா வண்டி இது. கல்யாண வூட்ல குடிச்சவன் மாதிரி தள்ளாடுது.”

“வேகத்துல மூக்கு தூக்குதுண்ணா.”

“உன் மூக்க விடவா?”

சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும். கிளிப்பில் எண் இறங்கும். சற்று நேரத்தில் தானாக ஏறும். அதை அப்போதுதான் கவனித்தேன்.

மூக்கு தூக்கினால் மற்றவர்கள் முன்னால் எடை சேர்ப்பார்கள். நான் பின்னால் குறைத்தேன். என் முறை எளிது. ஒரு பாகத்தைக் கழற்றுவேன், ஓட்டிப் பார்ப்பேன். ஓடினால் அந்தப் பாகம் தேவையில்லை. விளக்குகள் போயின. கூரை போயிற்று. பின்னால் இரண்டு ஹோவருக்குப் பதில் நடுவில் ஒன்று போதும் என்று தெரிந்தது. திருப்பத்தில் வழுக்கும், தரையைப் பிடிக்க டயர் இல்லை. அதனால் திருப்பம் வரும் முன்பே மூக்கைத் திருப்பிவிட வேண்டும். அதையும் பழகிக்கொண்டேன்.

இறுதிப் பந்தயம் வியாழக்கிழமை பகலில். பரிசு எதுவும் கிடையாது. நான் முழுதாகச் செய்த பொருள் அந்த வண்டி ஒன்றுதான்.

அதே நாளில் எங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை. வீட்டு இன்வெர்ட்டர் பழையது. மெஷினையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் போட்டால் கத்திவிட்டு அணைந்துவிடும். வாலாஜாபாத் போய்க் காலி ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பி வா என்று அண்ணி முன்பே சொல்லியிருந்தார். போகவில்லை. அந்த நாட்களைச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன்.

வண்டிச் சோதனை இல்லை. அண்ணன் மதியம் தூங்கும்போது மெஷினை அணைத்தேன். எண் எதுவரை இறங்குகிறது, உதடு எப்போது கறுக்கிறது என்று பார்த்தேன். பிறகு போட்டேன். எண் ஏறியது. மறுநாள் இன்னும் சற்று நேரம் விட்டேன். அப்போதும் ஏறியது. ஒருமுறை விழித்துவிட்டார்.

“இன்னாடா, மிஷின் சத்தத்தையே காணோம்?”

“ஃபில்டர் தொடைக்கிறேண்ணா.”

“தொட, தொட. உங்க அண்ணி வந்தா எல்லாம் நாந்தான் செஞ்சேன்னு சீன் போடு.”

வியாழக்கிழமை கரண்ட் போனதும் அண்ணி கம்பெனியிலிருந்து போன் செய்தார்.

“சுபாஷு, அண்ணனுக்கு சிலிண்டர் மாட்டிட்டியா?”

“மாட்டிட்டேன் அண்ணி.”

“சாப்ட்டாரா?”

“சாப்ட்டார்.”

இரண்டாவது பதில் உண்மை.

அன்று அண்ணனிடம் சொல்லாமல் நான் எதுவும் செய்யவில்லை. ரேஸ் முடியும்வரை மெஷின் வேண்டாம், முடிந்ததும் போடுகிறேன் என்றேன். அவர் திரையைப் பார்த்தார்.

“ஜெயிச்சுடுவியா?”

“ஜெயிச்சுடுவேண்ணா.”

“அப்ப சீக்கிரம் ஜெயி.”

ஆகவே அவர் சம்மதத்தோடுதான் அணைத்தேன்.

முதல் சுற்றில் ஒருவனுக்கு இன்டர்நெட் தொடர்பு அறுந்தது. பந்தயத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். என் சோதனையில் நான் சேர்க்காதது அது ஒன்றுதான். ஹெட்போன் போட்டிருந்தேன். ஹோவரின் ஒலி தாழ்ந்தால் வண்டி தரையில் உரசப்போகிறது என்று பொருள்; அதைக் கேட்டுத்தான் ஓட்ட முடியும். அண்ணன் கூப்பிட்டாரா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது.

இரண்டாவதாக வந்தேன்.

மின்தடை வேறொரு நாளில் வந்திருந்தால் அண்ணன் இன்று இருந்திருப்பார். அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மின்வாரியத்தில் நீங்கள் நேரத்தைக் கேட்டிருப்பீர்கள், அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசிச் சுற்று தொடங்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, கழுத்தில் காற்று பட்டது. திரையின் கறுப்பு மூலையில் பின்னாலிருந்த கட்டில் பிரதிபலித்துத் தெரிந்தது. அண்ணனின் கால் அசைந்துகொண்டிருந்தது. மெஷினின் ஸ்விட்ச் என் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில்தான். எழ வேண்டியதுகூட இல்லை, எட்டினால் போதும்.

இரண்டு கைகளும் வேலையாக இருந்தன.