எதிரெதிர் ஜன்னல்

திருத்தணியில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்தார்கள், நெசவாளர் ஒருவரும் அவர் மச்சானும்.

"நீ வெச்ச ஜன்னலுக்கெல்லாம் ஆணி அடிச்சிட்டேன்" என்றார் நெசவாளர்.

மச்சான் பதறினான். "இன்னா பாவா! ஃபேனு, லைட்டு இல்லாமலே குளுகுளுன்னு வெளிச்சமா இருக்கிற வூடு கட்டத்தானே தச்சு வேலை கத்துக்கினு வந்தேன். அக்கா வேர்வையில கெடக்குதேன்னுதான் எதிரெதிரா வெச்சேன்."

"ஆங், காத்து நல்லாத்தான் அடிக்குது. தறியில பூட்டின பாவு நூலு காஞ்சி இழை இழையா அறுந்துபோவுது. முடிச்சு போட்டே உங்கக்கா கை தேஞ்சிபோச்சு. இப்ப ஜன்னல மூடிகினு, பகல்லயே லைட்டு போட்டு நெய்யறோம். தறிக்காரன் புள்ளைக்கு இது தெரியாதா?"

"நைனா என்னைத் தறிக்குழியில எறங்கவே வுடலியே, பாவா."

"ஆங், வுடல. நீ வேற தொழில் கத்துக்கணும்னு, உன் பங்குக்கும் உங்கக்காவைத்தானே எறக்கினாரு."