மனிதருக்கு அல்ல

நான் சிரித்தபடி பேசுகிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. என் முகவாகே அப்படி. வீட்டில் எனக்கு 'வாலு' என்றுதான் பெயர்.

அண்ணி ஆராய்ச்சியாளர், நான் அவருடைய ஆய்வகத்தில் உதவியாளர். அண்ணனுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. அதற்கு அண்ணியே ஒரு மருந்து கண்டுபிடிக்க இறங்கினார். அண்ணனின் அணுக்களைத் தட்டில் வைத்து மருந்தை விடுவார். காலையில் பார்த்தால் எல்லாம் செத்துக் கிடக்கும். அன்றைக்கு அண்ணி யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். எனக்கு அது தாங்காது.

எங்கள் ஃப்ரீசரில் சைட்டோகைன் என்று ஒரு புரதம் உண்டு. பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்துச் செய்தது. தூள் அவ்வளவு கொஞ்சம் என்பதால் குப்பி காலியாகத்தான் தெரியும். கரைத்து ஒரு சொட்டு விட்டால் வெள்ளை அணுக்கள் குஷியாகப் பெருகும். லேபிளில் 'மனிதப் புரதம்' என்று போட்டுவிட்டு, அதன் கீழேயே 'ஆய்வகத்துக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்றும் போட்டிருப்பார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

அதில் ஒரு சொட்டை அண்ணியின் தட்டில் விட்டேன். அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். "வாலு, இங்க வாடி, எல்லாம் உயிரோட இருக்குடி" என்று என்னைப் பிடித்துச் சுற்றினார். செருப்பு ஒரு பக்கம் போனது, கண்ணாடி ஒரு பக்கம் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு எந்தத் தட்டையும் நான் சும்மா விடவில்லை.

அண்ணி டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு, தன் மருந்தை வீட்டிலேயே அண்ணனுக்கு ட்ரிப்ஸில் ஏற்றினார். அணுக்கள் ஏறவில்லை. "தட்டுல வேலை செஞ்சது இவருக்கு ஏன் செய்யலைன்னு புரியலையே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எனக்குப் புரிந்தது. குப்பியைக் கொண்டுவந்து ட்ரிப்ஸ் பாட்டிலில் கலந்தேன். அண்ணன் ஆள் பெரியவர் அல்லவா, ஒரு குப்பி எந்த மூலைக்கு என்று ஃப்ரீசரில் இருந்த குப்பிகளையெல்லாம் கலந்தேன்.

"என்ன வாலு, ரொம்பக் குஷியா இருக்கே?" என்றார் அண்ணன்.

"நாளைக்கு அண்ணி ஆடப் போறாங்க பாருண்ணா" என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

முதலில் காய்ச்சல் வந்தது. பிறகு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

அண்ணனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணியின் மருந்துதான் கொன்றது என்று எல்லோரும் பேச, அண்ணி ஒடிந்துபோய்க் கிடக்கிறார். அதற்காகத்தான் நானே ஸ்டேஷனைத் தேடி வந்தேன். தட்டில் சொட்டு விட்ட விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள். மருந்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிடுங்கள். அதே நோயுள்ள மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா ஆய்வக வாசலிலேயே காத்திருக்கிறார். அந்தக் குழந்தைக்கு மருந்து ஏற்றும்போது அண்ணியின் முகத்தைப் பாருங்கள் ஐயா, நீங்களே சிரித்துவிடுவீர்கள்.