வாசலில் தொங்கும் கற்றாழை

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். என் முன் சீட்டில் துணிப்பையோடு ஒரு அம்மாள். அவர் பக்கத்தில் தாவரவியல் விடைத்தாள் கட்டோடு ஒரு டீச்சர்.

"திருஷ்டிக்கு வாசல்ல தலைகீழா கட்டின கத்தாழைங்க. மண்ணு இல்ல, தண்ணி இல்ல. ஒரு வருஷமா நல்லா இருக்கு" என்றார் அம்மாள், டீச்சரிடம்.

"ஈரம் போயிடாம பகல்ல இலைத் துளையெல்லாம் மூடிக்கும்க்கா. ராத்திரிதான் திறந்து காத்தை வாங்கி வச்சுக்கும். விடிஞ்சதும் அதை வச்சு வெயில்ல சமைச்சுக்கும்."

"அப்ப வளருமா?"

"தண்ணி இல்லாம எப்படிக்கா? சாகாம இருக்கும், அவ்வளவுதான்."

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது.

"தொட்டியத்துல கட்டிக் கொடுத்த எம் பொண்ணும் போன்ல நல்லா இருக்கேன்னுதான் சொல்றா."

எழுந்துவிட்டார்.

"கண்டக்டர், அடுத்த ஸ்டாப்ல இறக்கி விட்டுடுங்க. நான் திரும்பிப் போயி தொட்டியம் பஸ்ஸைப் பிடிக்கணும்."